சும்மா கிடக்கிற கழி

மீனே சாப்பிடாத ஒருத்தி, மீன் பிடித்துப் பிழைக்கும் குப்பத்துக்குப் போய், மணலில் குச்சியால் மீன் முள்ளை வரைந்து காட்டினாள். அந்த ஒருத்தி என் மனைவி. பக்கத்தில் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, மானம் போகப்போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான்.

நாங்கள் இருப்பது அணுபுரம் குடியிருப்பில். எனக்கு ஷிப்ட் வேலை. கருவிகளைப் பழுது பார்ப்பது. அவள் தாவரவியல் படித்தவள். படித்த படிப்பைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தே பாதி தீர்த்தாள். மகள் பொத்தேரியில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் அவளும் நானும் என் கோபமும் மட்டும் மிஞ்சினோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். குக்கர் ஒரு விசில் கூடுதலாக அடித்தால்கூடப் பொறுக்காது. இந்த மனுஷனோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிடச் சேற்றில் போய் நிற்கலாம் என்று முடிவு செய்துதான் அவள் கழிக்குப் போனாள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அவள் மறுக்க மாட்டாள்.

கழி என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் ஒரு மீனவர் குப்பத்துக்கும் நடுவில் பள்ளமாகக் கிடக்கும் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் திறந்தால் கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து அங்கே நிற்கும். கோடையில் உப்புப் பூத்துக் காயும். நாங்கள் பார்த்த காலத்தில் தண்ணீர் நின்ற இடத்தைவிட வேலிகாத்தான் முள் நின்ற இடம்தான் அதிகம். மிச்ச இடத்தில் யார் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடு. அரசாங்கக் கணக்கில் அது புறம்போக்கு. அந்த வார்த்தையை எங்கள் பக்கம் ஆளைத் திட்டவும் வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தைப் பார்த்தால் இரண்டு அர்த்தமும் பொருந்தத்தான் செய்தது.

அதைத் திரும்பக் கழியாக்க அனுமதி வாங்கியிருந்த ஒரு சின்னக் குழுவில் அவள் சேர்ந்தாள். அனுமதி காகிதத்தில் வந்துவிடும். குப்பத்துக்காரர்கள் மனசு வைக்காமல் அந்தப் பள்ளத்தில் ஒரு புல்கூட நிற்காது. மேயும் ஆடு அவர்களுடையது, நடக்கும் வழி அவர்களுடையது. அதனால் குப்பத்துப் பஞ்சாயத்தார் முன்னால் போய் நின்றாள். ஓட்டுநர் என்ற முறையில் நானும் நின்றேன்.

மீன்கார அக்காவை முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் குரல்தான் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். படகு இன்ஜின் ஓடும்போதும் அந்தக் குரல் கேட்கும் என்று குப்பத்தில் சொல்வார்கள். மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்பார். விற்காததைக் கருவாடு போடுவார். குப்பத்துப் பெண்கள் பல வருஷமாகக் கருவாட்டை ரோட்டோரத்து மணலில்தான் காயவைக்கிறார்கள். வண்டிப் புழுதி, நாய், காக்கா, சொல்லாமல் வரும் தூறல் எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தை மண்ணடித்து மேடாக்கி, ஒரு சிமெண்டுத் தளம் போட்டுக்கொடுங்கள் என்று அக்கா பஞ்சாயத்தாரை நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றோம். சிவ பூஜையில் கரடி நுழைந்த மாதிரி.

"அந்த எடம் சும்மா தானம்மா கீது?" என்றார் அக்கா. "சும்மா கெடக்குற எடத்துல நாங்க கருவாடு ஒணத்துனா உனுக்கு இன்னா பேஜாரு?"

"சும்மாவே இருக்கட்டும்கா" என்றாள் என் மனைவி. "முள்ளை மட்டும் எடுத்துடறோம். தண்ணி போக வழி பண்றோம். ஒரு மழைக்காலம் சும்மா விட்டுப் பாருங்க."

"அப்புறம்?"

"பச்சை வரும்."

"வரலன்னா?"

அவள் யோசிக்கவே இல்லை. "வரலன்னா நீங்க தளம் போட்டுக்கோங்க. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மழையும் கடலும் இவள் கேட்டபடி ஆடுமா? பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர், வெற்றிலை வாயோடு, தீர்ப்பைச் சொன்னார்: இந்த ஒரு மழை. மாசி மகம் முடிந்த மறுநாள் கூடிப் பார்ப்போம். பச்சை வந்திருந்தால் விட்டுவிடுவோம், இல்லையென்றால் மண்ணடிப்போம். வாக்கு என்றால் வாக்கு. வண்டியில் திரும்பும்போது, "வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டியே" என்றேன். "வேட்டி கட்டியிருக்கிறது நீங்கதானே" என்றாள். நான் பேண்ட்தான் போட்டிருந்தேன்.

முள்ளை எடுத்தது சித்திரை வெயிலில். வேலிகாத்தானை மேலாக வெட்டினால் அது நன்றி சொல்லிவிட்டு நாலு கிளையாக முளைக்கும். வேர்க் கழுத்துக்குக் கீழே பெயர்த்தால்தான் சாகும். அதனால் ஜேசிபி வைத்திருந்தார்கள். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே காலையிலிருந்து நிற்பாள். ஒவ்வொரு மரம் பெயரும்போதும், "வேரோட வரணும், வேரோட வரணும்" என்பாள். ஜேசிபி ஓட்டியவர் முதலில் மேடம் என்றார். பிறகு பொறுக்க முடியாமல் வேரம்மா என்று பேர் வைத்துவிட்டார். சங்கஞ்செடிப் புதர் ஒன்று குறுக்கே வந்தபோது, "இது நம்ம ஊர்ச் செடி, இதைத் தொடாதீங்க" என்று இரும்புக் கைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஷிப்ட். பார்த்திருந்தால் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன்.

அடுத்தது வாய்க்கால். கடல் தண்ணீர் உள்ளே வந்து பரவி, பிறகு வடிய வேண்டும். ஒரே இடத்தில் தேங்கினாலும் கெடுதல், வராமலே போனாலும் கெடுதல். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். குழுவில் இதை மீன் முள் வாய்க்கால் என்பார்கள். வெட்ட வந்தவர்கள் குப்பத்து ஆண்களும் பெண்களும்தான். அவர்களுக்கு விளக்கத்தான் அவள் குச்சியை எடுத்து மணலில் வரைந்தாள்.

நடுமுள் சரியாக வந்தது. தலையும் போட்டாள், கண்கூட வைத்தாள். பக்கத்து முள்ளையெல்லாம் தலையைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். வாழ்க்கையில் மீனைத் தட்டில் பார்க்காதவள் வேறு எப்படிப் போடுவாள்? எங்கள் வீட்டில் சைவம். எனக்கு வீட்டுக்கு வெளியே அது செல்லாது என்பதால் தப்பு எனக்கு உடனே தெரிந்தது. சொன்னால் நான் எங்கே சாப்பிட்டேன் என்ற பேச்சு வரும். சும்மா நின்றேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துப் படத்தைச் சுற்றி வந்தார். "இன்னா டீச்சர் இது? இந்த மீனு பின்னால நீந்திகினு போவுதா?"

குப்பமே சிரித்தது. அவள் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பையும் மூக்குக்கண்ணாடியும் இருக்கிற பெண் டீச்சர்தான் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வெட்கப்பட்டுச் சிரிக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குச்சியை அக்கா கையில் கொடுத்தாள். "நான் சாப்பிட்டதே இல்லக்கா. நீங்க போடுங்க."

அக்கா ஒரு மடவை மீனைப் போட்டார். உடனே இன்னொருவர், மடவை எதற்கு, வாளை முள்தான் வரிசையாக இருக்கும் என்றார். அதில் ஒரு சண்டை. கடைசியில் மடவையே நின்றது, தலை கடலைப் பார்த்து. தண்ணீர் தலைப்பக்கம் நுழைந்து, முள் சாய்ந்த வழியாகவே உள்ளே ஓடி அடங்கும். அவள் மனதில் வைத்திருந்த வாய்க்காலும் அதுதான். படத்தில்தான் மீன் திரும்பிக்கொண்டது. வாய்க்கால் வெட்டி முடிகிறவரை அந்த வேலைக்கு 'மடவை வேலை' என்றுதான் பேர். "மடவைக்கு வர்றியா, கடலுக்குப் போறியா?" என்று காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வாய்க்கால் வெட்டியானதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. எப்போது கன்று நடப்போகிறீர்கள்? அவள் பதில், நடப்போவதில்லை. விதை தண்ணீரோடு வரும், மண்ணுக்குள்ளும் இருக்கும். தண்ணீர் வந்து போகத் தொடங்கினால் எது எங்கே முளைக்க வேண்டுமோ அது அங்கே முளைக்கும். இதைக் கேட்டவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய நல்ல மனிதர்கள், வேப்பங்கன்றும் தொப்பியும் பேனருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். உப்புச் சேற்றில் வேப்பங்கன்று வைத்தால் அது போட்டோவில் மட்டும்தான் வளரும். அவள் கும்பிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கன்றுகளைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினாள். வேனில் இருந்தவர்களில் ஒருவர் என் மேலதிகாரி. அடுத்த மாதம் முழுக்க, "என்ன சார், உங்க வீட்ல இன்னும் ஒண்ணும் நடலையா?" என்று கேண்டீனில் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோபம் அவர்மேல்தான் வந்தது, அவள்மேல் வரவில்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கடல் பொங்கி முகத்துவாரம் தானாகவே திறந்துகொண்ட அன்று அக்காதான் போன் பண்ணினார். "டீச்சர், உன் மடவ வாயத் தொறந்துடுச்சி!" ரெயின்கோட்டுக்குள் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். பழுப்புத் தண்ணீர் நடு வாய்க்காலில் ஏறி, ஒவ்வொரு முள்ளாகப் பிரிந்து உள்ளே ஓடியது. என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. அவ்வளவு மழையிலும் எனக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகுதான் கஷ்டகாலம். மார்கழி போயிற்று. பொங்கல் போயிற்று. கழியில் சேறு, வெறும் சேறு. கொக்கும் உள்ளானும் வந்து குத்திக் குத்தித் தின்றுவிட்டுப் போயின. பச்சையாக முளைத்தது வேலிகாத்தான் குட்டிகள் மட்டும்தான். அவற்றை அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பிடுங்கினாள். ஆட்டுப் புழுக்கை கிடந்த இடத்தில் கொத்துக் கொத்தாக வரும். ஆடு அந்தக் காயைத் தின்றுவிட்டு விதைத்துக்கொண்டே போகும் என்று அக்காவிடம் சொன்னாள். அன்றிலிருந்து அக்கா தன் ஆடுகளைக் கட்டிப்போட்டார். தளம் கேட்டவரும் அவர்தான், அதைத் தட்டிவிடக்கூடிய காரியத்துக்கு ஆட்டைக் கட்டிப்போட்டவரும் அவர்தான். "ஒரு மழ குடுத்தோம்னா குடுத்ததுதான். அதுல கள்ளாட்டம் ஆடக்கூடாது" என்றார்.

வீட்டில் அவள் சாப்பாடு குறைந்தது. மாசி மகத்தைக் காலண்டரில் பார்ப்பாள், பக்கத்தைத் தள்ளிவிடுவாள். வரவில்லையென்றால் தளம் வரும். தளத்தின் அடியில் அந்த மடவை புதைந்துபோகும். இன்னொன்றையும் அவள் சொன்னாள். இந்த முறை தோற்றால் இனி எந்தக் குப்பத்திலும் ஒரு டீச்சரம்மா வந்து 'சும்மா விடுங்க' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

தை கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் மேட்டு வழி கழியை ஒட்டித்தான் போகிறது. அந்த வழியின் ஓரத்துச் சேறு கொஞ்சம் இறுகியிருந்தது. "தெரியுதா?" என்றாள்.

"சேறு தெரியுது."

"குனிங்க."

"முழங்கால் கேட்காது."

"உட்காருங்க, அப்படின்னா."

உட்கார்ந்தேன். கண் பழகியதும் தெரிந்தது. ஒரு அரிசி அளவுக்குப் பச்சை, சிவந்த தண்டோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பார்த்த இடமெல்லாம் அதுதான். கரை நெடுக, வழி ஓரமாகவே, ஆயிரக்கணக்கில் வந்திருந்தது. "உமரி" என்றாள். ஒரு இலையைக் கிள்ளி என் வாயில் வைத்தாள். உப்புத் தண்ணீர் வெடித்தது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றேன். "இதுக்குத்தான்" என்றாள். இது வந்தால் சேறு நிற்கும், சேறு நின்றால் கண்டல் என்கிற அலையாத்தி மரத்தின் விதை மிதந்து வந்து பிடித்துக்கொள்ளும், பிறகு இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக வந்த அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. பெண் பிறந்தபோதுகூடக் கொஞ்சம் களைப்பு இருந்தது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் ஊரே பார்க்க வந்து மிதித்துவிடும். கூட்டத்தன்று எல்லோரையும் அழைத்து வந்து ஒரே தடவையில் காட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. போனில் நாலைந்து படம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. குப்பத்து அம்மனும் அன்றைக்குத்தான் கடலில் தீர்த்தமாடப் போகும். அம்மன் போகும் வழி அந்த மேட்டு வழி. அதற்கு முதல் நாள் அக்காவிடமிருந்து போன். "டீச்சர், ஒடனே வா. உனுக்கு ஒண்ணு காட்டணும்." குரலில் அத்தனை குதூகலம்.

போனோம். வழி இரண்டு பக்கமும் பளிச்சென்றிருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். வழியை மட்டுமல்ல, கழியின் ஓரத்தையும், கால் ஊன்றி நிற்க முடிந்த தூரம்வரை, ஒரு புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வழித்திருந்தார்கள். கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

"நீ ஒத்தையா அங்க கெடந்து பாடுபட்ட" என்றார் அக்கா. "சாமி போற வயி. உன் எடமும் லட்சணமா இருக்கட்டும்னு நாங்களே செஞ்சிட்டோம். எப்டி கீது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரையே துடைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். ரொம்ப வலித்தது.

"ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள். ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் கொடுத்த மோரை வாங்கி முழுக்கக் குடித்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். என்னால் அது முடிந்திருக்காது. கோபத்தை அடக்குகிறவர்களை எனக்குத் தெரியும். பல்லைக் கடிப்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும். அவளிடம் அடக்குவதற்குக் கோபமே இல்லை. அவர்கள் அன்பாகச் செய்தது அவளுக்கு முதலில் தெரிந்தது, போனது பிறகுதான் தெரிந்தது. இருபத்துச் சொச்சம் வருஷம் கூட இருந்தவனுக்கு அன்றைக்குத்தான் இவள் யார் என்று புரிந்தது.

பெண்கள் கலைந்த பிறகு, செதுக்கிய மண்ணைக் குவித்திருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து தேடினாள். வதங்கிய தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அக்கா மண்வெட்டியோடு திரும்பி வந்துவிட்டார்.

"இன்னா தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"சும்மா எவளாச்சும் குப்பையக் கெளறுவாளா? காட்டு."

கையை விரித்தாள். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வாயில் போட்டுக் கடித்தார். "உப்பா கீது" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதுவா அது?"

அவள் தலையை ஆட்டினாள்.

அக்கா அப்படியே வழியில், தான் போட்ட கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பச்சன்னா மரம்னு நெனச்சேன். இந்தப் பூண்டுன்னு யாருக்குத் தெரியும்? ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும்கா. மிதிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"மிதிக்கல. வேரோட வயிச்சிட்டோம்" என்றார் அக்கா. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் அம்மன் கடலாடியது. அதற்கு மறுநாள் வெயில் தாழப் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்தார் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. வெளியாள் என்பதால் என் மனைவியை மட்டும் கேட்டார்கள். அவள் போனைக் காட்டினாள். பச்சை வந்தது, இப்போது செதுக்கிப் போய்விட்டது, திரும்ப வரும் என்றாள். யார் செதுக்கினார்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும்படி வண்டியில் வரும்போதே நான் கத்தியிருந்தேன். "அவங்க சாமிக்காகச் செஞ்சது. அதைக் குத்தமா எடுத்து வைக்கமாட்டேன்" என்றுவிட்டாள்.

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. வெற்றிலைப் பெரியவர் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு இளவட்டம், "போட்டோல எதுவும் பச்சையாதான் தெரியும். இது எங்க எடுத்ததோ?" என்றான். பெரியவர் தொண்டையைச் செருமினார். தளம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பேசணும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலை யாரும் கேட்காத மாதிரி இருக்க முடியாது.

அக்கா முன்னால் வந்தார். "வாக்கு இன்னா? பச்ச வந்தா வுடுறது. பச்ச வந்துது. வயி ஓரமெல்லாம் வந்துது. இந்தக் கையால நான்தான் செதுக்குனேன், இவளுங்களையும் நான்தான் இட்டுகினு போனேன். வாயில போட்டுப் பாத்தேன், உப்பா இருந்துச்சி. இந்தம்மா எங்கள ஒரு வார்த்த காட்டிக் குடுக்கல."

"உனுக்குத்தானே தளம் கேட்ட?" என்றார் பெரியவர்.

"கேட்டேன். இப்பவும் கேக்குறேன், வேற எடத்துல குடு. தளம் வோணும்ன்றதுக்காவ வந்தத வரலன்னு சொல்லச் சொல்றியா? அம்மன் நேத்துதான் கடலாடிட்டு வந்து உக்காந்துகினு கீது."

அதன்பிறகு பேச என்ன இருக்கிறது? பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வாக்கு வாக்குதான் என்றார். கழி தப்பித்தது. என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை, "வுடு, மீன் கவிச்சி ஒட்டிக்கப்போவுது" என்றார். எனக்குக் கண் கலங்கியது. ஸ்கூட்டரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கழியின் உள்சேறு காயக் காய, பங்குனியில் அங்கேயும் உமரி வந்தது. அடுத்த மழைக்குப் பிறகு வழி ஓரமும் நிறைந்துவிட்டது. மடவையின் மூன்றாவது முள்ளில், எங்கிருந்தோ மிதந்து வந்து, ஒரு கண்டல் இரண்டு இலை விட்டிருக்கிறது. தளம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்காக அக்காவும் என் மனைவியும் சேர்ந்து ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். போன வாரம்கூட அலைந்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது யாராலும் முடியாது. கொஞ்சம் தாமதம் ஆகலாம், அவ்வளவுதான்.

இந்த வருஷ மாசி மகத்துக்கு முதல் நாளும் போயிருந்தோம். வழியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கழி ஓரமாகத் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் உமரி சிவக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அங்கே இல்லை. ரோட்டோரத்து மணலில், எப்போதும் போல, கருவாட்டைப் பரப்பிப் போட்டுவிட்டு நாயை விரட்டிக்கொண்டிருந்தார். லாரி ஒன்று புழுதியை வாரி அத்தனை கருவாட்டின் மேலும் இறைத்துவிட்டுப் போயிற்று. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்போது, குப்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, கயிற்றைத் தாண்டிக் காலை வைத்து மண்வெட்டியை ஓங்குவது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அவ்வளவு தூரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏய், கைய எடுடீ! அது சும்மா கெடக்கட்டும்!"